பழைய பிரெஞ்சு காபரே பாட்டை ஏஐ கருவியில் உருவாக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

ஷான்சோன் என்பது பிரெஞ்சு மொழியில் பாட்டு என்பதற்கான சாதாரணச் சொல்தான். ஆனால் இசை கேட்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் இருந்த சிறு காபரேக்களில் தொடங்கி, 1930களின் இசையரங்குகள் வழியாக, 1950களில் சேன் ஆற்றின் இடக்கரையில் இருந்த நிலவறை மேடைகள் வரை வளர்ந்த ஒரு மரபையே நினைக்கிறார்கள். அந்த மரபில் சொல் முன்னே நடக்கும். இசை அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னே வரும். ஏஐ இசைக் கருவிகளோ, நாம் தரும் வரிகளை எங்கோ கேட்ட ஒரு பொதுவான மெட்டுக்குள் அடைத்துத் தரவே முனைகின்றன. கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே உச்சரிப்பிலோ தாளத்திலோ கோளாறு வந்தால், பாட்டின் பாணியை விவரிக்கும் ஸ்டைல் பெட்டியில் கை வைப்பதற்கு முன் வரிகளைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்பது, பல இரவுகளை வீணாக்கிய பிறகு நான் எனக்கே விதித்துக்கொண்ட விதி.

சூனோ, ஊடியோ போன்ற கருவிகளில் பாட்டின் பாணியை விவரிக்க ஒரு பெட்டியும், வரிகளை எழுத இன்னொரு பெட்டியும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த வழிமுறை எந்த ஒரு கருவிக்கும் உரியதன்று. இரண்டு பெட்டிகள் இருக்கும் எதிலும் இதைப் பின்பற்றலாம். பொத்தான்களின் பெயரும் இடமும் அடிக்கடி மாறுவதால் அவற்றைச் சொல்லாமல், செய்ய வேண்டிய காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

அறிகுறி: பாட்டு காபித்தூள் விளம்பரம் போல ஒலிக்கிறது

பிளே பொத்தானை அழுத்தியவுடன் அக்கார்டியன் குதிக்கிறது, மணியோசை கிணுகிணுக்கிறது, யாரோ ஒரு பெண் கொஞ்சலாகச் சிரித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறாள். இது பாரிசு அன்று. பாரிசின் வாழ்த்து அட்டை. ஸ்டைல் பெட்டியில் "பழைய பிரெஞ்சு காபரே" என்று மட்டும் எழுதினால் கிடைப்பது இதுதான்.

குற்றம் காபரே என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பழைய சினிமாவில் வில்லனின் விடுதியில் நடக்கும் ஆட்டம் நினைவுக்கு வருவது போல, கருவிக்கும் அந்தச் சொல் பிராட்வே மேடையையும் பெர்லின் இரவு விடுதியையும் பித்தளை ஊதுகருவிகளையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு வருகிறது. பாரிசின் காபரே என்பது முதலில் ஒரு சிறிய அறை. அங்கே குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே ஒருவர் எழுந்து, தாம் எழுதியதைத் தாமே பாடுவார். ரொதோல்ஃப் சாலிஸ் 1881இல் திறந்த 'கறுப்புப் பூனை' அப்படிப்பட்ட இடம்; இசையமைப்பாளர் எரிக் சாத்தி அங்கே பியானோ வாசித்திருக்கிறார். 1885இல் அது பெரிய இடத்துக்கு மாறியபோது, விட்டுப்போன பழைய இடத்தில் பாடகர் அரிஸ்தீத் புருவான் 'மிர்லித்தோன்' என்ற தம் காபரேயைத் தொடங்கி, வந்த வாடிக்கையாளர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, தெருச் சனங்களின் கொச்சையில் பாடினார். வாடிக்கையாளர்கள் அதற்காகவே மறுபடியும் வந்தார்கள்.

எனவே செய்ய வேண்டியது, நாட்டின் பெயரை எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, காலத்தையும் அறையையும் வாத்தியங்களையும் எழுதுவது. 1890களின் மோன்மார்த்ர் வேண்டுமென்றால் பழைய நேர்நிற்கும் பியானோ ஒன்றும் பாதி பேச்சாக வரும் குரலும் போதும். அக்கார்டியன் வேண்டவே வேண்டாம், ஏனெனில் அது அப்போது இந்தப் பாட்டுக்குள் வந்திருக்கவில்லை. பாரிசின் பஸ்தீய் சதுக்கத்துக்குப் பக்கத்து லாப் தெருவின் நடனக்கூடங்களில், ஒவெர்ன் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் தோல்பை ஊதுகுழலும் இத்தாலியர்களின் அக்கார்டியனும் சந்தித்து, பிறகுதான் அது நகரத்தின் ஓசையாயிற்று. 1930களின் 'நிஜவாழ்க்கைப் பாட்டு' வேண்டுமென்றால் அக்கார்டியன், வயலின், டபுள் பேஸ், பியானோ என்று நான்கை மட்டும் எழுதலாம். ஃப்ரேஹல், தாமியா, இளமைக்கால எதித் பியாஃப் ஆகியோர் வாழ்ந்த உலகம் அது. 1950களின் இடக்கரை வேண்டுமென்றால் ஒரு கித்தாரும் ஒரு டபுள் பேஸும், அல்லது ஒரு பியானோ மட்டும். ழோர்ழ் பிராசென்ஸ் கித்தாரும் டபுள் பேஸுமாகவே ஒரு வாழ்நாள் முழுவதும் பாடிவிட்டார்.

வேண்டாதவற்றை ஸ்டைல் பெட்டியில் "டிரம்ஸ் வேண்டாம்" என்று எழுதினால், கருவி பல நேரங்களில் வேண்டாம் என்பதை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்கிறது. விலக்க வேண்டியவற்றுக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அதில் எழுத வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரையே உச்சரிக்காமல் இருப்பது நல்லது.

அறிகுறி: குரல் இந்தக் காலத்துக் குரலாக இருக்கிறது

மூச்சுக்காற்று காதில் படுவது போன்ற நெருக்கம், சுருதி இம்மியும் பிசகாத வழவழப்பு, பின்னால் நீளும் ரிவெர்ப் எனப்படும் அறை எதிரொலி. இவை மூன்றும் சேர்ந்தால் எந்த வாத்தியத்தை வைத்தாலும் பாட்டு நேற்று பதிவானதாகவே கேட்கும்.

இதற்கு முதலில் நாமே ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: பாடுபவர் முன்னால் மைக் இருக்கிறதா, இல்லையா? 1930களின் நடுப்பகுதி வரை பாரிசின் இசையரங்குகளில் பாடியவர்கள் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரலை எறிந்தார்கள். ழான் சப்லோன் மேடையில் மைக் வைத்துப் பாடத் தொடங்கியபோது, குரல் இல்லாதவர் என்று கேலி செய்யப்பட்டார். மைக் இல்லாத குரலில் அதிர்வு வேகமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், மெய்யெழுத்துகள் கத்தி போல விழும், மெல்லிய முணுமுணுப்புக்கு இடமே இராது. மைக் வந்த பிறகான குரல் இறங்கிப் பேசும். ஆனால் அதிலும் இன்றைய பாப் பாடகர்களின் மூச்சிரைப்பு இருக்காது.

ஆகவே "உணர்ச்சிகரமான பெண் குரல்" என்று எழுதாமல், "மைக் இல்லாமல் அரங்கை நோக்கிப் பாடும், நடுத்தர வயதுப் பெண்ணின் தாழ்ந்த குரல், வேகமான அதிர்வு, வறண்ட பதிவு, பாதிப் பேச்சு" என்று உடலையும் இடத்தையும் எழுத வேண்டும். பாட்டைப் பாடுவதைவிடச் சொல்லுவதையே கலையாகக் கொண்டவர்களைப் பிரெஞ்சில் 'தீஸேஸ்' (diseuse) என்பார்கள், அதாவது சொல்லுபவள். ஓவியர் துலூஸ் லோத்ரெக் நீண்ட கறுப்புக் கையுறைகளோடு வரைந்த இவெத் கில்பேர் அந்த வகையினர். இந்தச் சொல்லைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஸ்டைல் பெட்டியில் இட்டபோது எனக்குக் குரலின் போக்கே மாறியது. ஸ்டைல் பெட்டி முழுவதையும் பிரெஞ்சில் எழுதினால் பல நேரம் உச்சரிப்பும் ஓரளவு தேறுகிறது.

பாடகரின் பெயரை எழுதி இந்த வேலையைச் சுருக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். பெயரைக் கண்டதும் மறுத்துவிடும் கருவிகள் உண்டு. மறுக்காதவற்றிலும் பெயர் ஒரு குறுக்குவழி என்பதற்கு மேல், வாழ்ந்த ஒருவரின் குரலை அவர் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்வதும் ஆகும். மறுப்புச் செய்தி வந்தால் எழுத்தை மாற்றி ஏமாற்ற முயலாமல், அந்தப் பாடகரிடம் நமக்குப் பிடித்தது என்ன என்பதை மூன்று பெயரடைகளில் எழுதிப் பார்ப்பதே சரியான தீர்வு. பழைய வரிகளை அப்படியே ஒட்டுவதிலும் இதே எச்சரிக்கை தேவை. பிரான்சில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது என்பதால், 1925இல் இறந்த புருவானின் வரிகள் பொதுவுடைமை. 1963இல் இறந்த பியாஃப் எழுதிய வரிகள் அப்படியல்ல. இந்த உரிமையைக் காக்கும் சாசெம் என்ற சங்கம் பிறந்த கதையே காபரே நகரத்துக்கு ஏற்ற கதைதான்: 1847இல் எர்னெஸ்ட் பூர்ழே என்ற பாட்டெழுத்தாளர் பாரிசின் ஓர் உணவகத்தில், தம் பாட்டை அங்கே இலவசமாகப் பாடுகிறார்களே என்று குடித்த பானத்துக்குக் காசு தர மறுத்தார், வழக்கு அவர் பக்கம் முடிந்தது, 1851இல் சங்கம் உருவாயிற்று.

அறிகுறி: பிரெஞ்சு, பிரெஞ்சாகக் கேட்கவில்லை

நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான்.

முதலில் கீற்றுகளைப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் தமிழ் அல்லது ஆங்கில விசைப்பலகையிலிருந்து பிரெஞ்சைத் தட்டும்போது எழுத்துகளின் தலைமேல் வரும் சாய்கோடுகளை விட்டுவிடுகிறோம். என் முதல் பாட்டில் 'பழைய சந்தை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. "ல வியோ மார்ஷே" என்று ஒலிக்க வேண்டும். கடைசி எழுத்தின் மேலிருக்கும் கீற்றை நான் போடவில்லை. கருவி எழுதியதை எழுதியபடியே "ல வியோ மார்ஷ்" என்று பாடியது. அதற்குப் பொருள் 'கிழவர் நடக்கிறார்'. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நண்பர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, எங்கே நடக்கிறார் என்று கேட்டார். அவர் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் பிழை புரிந்தது. கைபேசியில் அந்த எழுத்தை நீளமாக அழுத்தினால் கீற்றுள்ள வடிவங்கள் மேலே விரியும். இதற்காகத் தனி விசைப்பலகை எதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது ஊமை எகரம். பிரெஞ்சில் பல சொற்களின் ஈற்றில் வரும் இந்த உயிர், பேச்சில் மறைந்துவிடும். பாட்டிலும் செய்யுளிலும் அடுத்து மெய் வந்தால் ஓர் அசையாக எழுந்து நிற்கும். அடுத்து உயிர் வந்தால் மறைந்துவிடும். உயிர் வந்தால் குற்றியலுகரம் தான் ஏறிய மெய்யை விட்டு ஓடுவதை அறிந்த நமக்கு இது விளங்காத சங்கதியன்று. 'படித்துறையின் சின்ன விளக்கு' என்று பொருள்படும் என் வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேச்சில் அது "லா ப்தித் லாம்ப் தியூ கே" என்று ஐந்தே அசை. பழைய முறையில் பாடும்போது "லா-ப-தி-த-லாம்-ப-தியூ-கே" என்று எட்டு அசை. கருவிக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்று தெரியாது. ஒரு வரியில் எட்டாகவும் அடுத்த வரியில் ஐந்தாகவும் பாடிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தை "ஓ… ஓ…" என்று நிரப்பிவிடும். வரிகளுக்கு நடுவே காரணமில்லாமல் முனகல் வந்தால், குரலைக் குறை சொல்லாமல் அசையை எண்ண வேண்டும்.

திருத்தம் எளியது. அசை எழ வேண்டிய இடத்தில் சொல்லை இடைக்கோடு போட்டு அசை பிரித்து எழுதலாம். அசை மறைய வேண்டிய இடத்தில் அந்த எழுத்தையே எடுத்துவிட்டு ஒற்றை மேற்கோள் குறி (') போடலாம். புருவான் காலத்திலிருந்தே கொச்சைப் பாட்டை அச்சிட்டவர்கள் செய்துவந்தது அதுதான். இதில் தேர்வு வெறும் இலக்கண விஷயமில்லை. எட்டு அசையாகப் பாடினால் மேடையில் நிற்கும் பாடகி தெரிவாள். ஐந்தாக விழுங்கிப் பாடினால் மதுக்கடை வாசலில் நிற்பவள் தெரிவாள். ஒரே பாட்டில் இரண்டையும் கலப்பதாக இருந்தால், கதை சொல்லும் பகுதியை விழுங்கியும் திரும்ப வரும் பல்லவியை விரித்தும் பாடவைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

சொல்லும் சொல்லும் சேரும்போது எழும் இணைப்பொலி விடுபடுவது இன்னொரு கோளாறு. 'காதலர்கள்' என்பது "லேஸமான்" என்று ஒட்டி வர வேண்டும். "லே அமான்" என்று பிளந்து வந்தால் அந்த மெய்யை அடுத்த சொல்லின் தலையில் ஒட்டி எழுதிவிடலாம். வரிகள் பெட்டி தேர்வுத்தாள் இல்லை. பிழையான எழுத்துக்கூட்டல் சரியான ஒலியைத் தருமானால் பிழையாகவே எழுதலாம். எண்களை மட்டும் இலக்கமாக எழுதக் கூடாது, ஏனெனில் அவை திடீரென்று ஆங்கிலத்தில் பாடப்படும்.

ரகரத்தை எழுத்துக்கூட்டலால் திருத்த முடியவில்லை. பழைய இசைத்தட்டுகளில் நுனிநாக்கில் உருளும் ரகரமும் கேட்கிறது, பியாஃபிடம் கேட்பது போலத் தொண்டையின் பின்புறத்தில் உருளும் ரகரமும் கேட்கிறது, இரண்டும் சரி. ஆங்கிலத்தின் வழுவழுத்த ரகரம் வந்துவிட்டால் அந்தப் பிரதியைக் கழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அறிகுறி: வால்ட்ஸ் கேட்டால் வேறு தாளம் வருகிறது

வால்ட்ஸ் என்பது மூன்றடி நடனத் தாளம். 3/4 என்று எழுதினாலும் கருவி நாலடித் தாளத்துக்கோ, தாலாட்டு போல ஆடும் ஆறெட்டுக்கோ (6/8) நழுவிவிடுகிறது. பாரிசின் அக்கார்டியன் நடனக்கூடங்களுக்குரிய மியூசெட் வால்ட்ஸ் என்பது துள்ளி ஓடும் "தகிட, தகிட". வினாடிக்கு ஒரு தகிட என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 180 அடி. ஆனால் 180 என்ற எண்ணைக் கண்ட கருவி அதைப் பாதியாக்கி 90இல் ஒரு மெதுவான காதல் பாட்டைத் தந்துவிடுவதுண்டு. ஜாவா என்று இதன் நெருங்கிய உறவான ஒரு நடனம் இருக்கிறது, கணினி மொழி அன்று. அந்தப் பெயரை எழுதும்போது 'மியூசெட்' என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும், இல்லையேல் இந்தோனேசியாவின் கமெலான் மணிகள் வந்து நிற்கும்.

எண்ணைவிடப் பயன்படுவது இடக்கையின் வேலையை விவரிப்பது: "முதலடியில் தாழ்ந்த பேஸ், இரண்டாவது மூன்றாவது அடிகளில் குறுகிய சுரக்கூட்டு". அப்படியும் மசியவில்லை என்றால் கோளாறு வரிகளில் இருக்கிறது. பிரெஞ்சில் அழுத்தம் முதன்மையாகச் சொற்றொடரின் கடைசி அசையில் விழும்; பாட்டில் முக்கியச் சொற்களின் ஊமையல்லாத கடைசி அசையும் அதைத் தாங்கும். என் விளக்கு வரியில் "தி", "லாம்", "கே" என்ற மூன்றும்தான் அழுத்தம் தாங்கும் அசைகள். முதல் இரண்டு அசைகளான "லா-ப", தகிடவின் முதலடியான சமத்துக்கு முன்னரே, அதாவது முந்தைய தகிடவின் இரண்டாவது மூன்றாவது அடிகளில், எடுப்பாக (சமத்துக்கு முந்தித் தொடங்கும் அசைகளாக) வந்துவிட வேண்டும். "தி" சமத்தில் விழுந்து இரண்டடி நீள வேண்டும். "த" மூன்றாவது அடி. "லாம்-ப-தியூ" அடிக்கு ஓர் அசையாக ஒரு முழுத் தகிட. "கே" அடுத்த சமத்தில் விழுந்து நிற்க வேண்டும். இதைக் கையால் தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வால்ட்ஸ் தானாகவே பிறப்பது தெரியும். கருவி ஆங்கிலப் பழக்கத்தில் "லா"வையோ "ப"வையோ சமத்தில் வைத்துவிடுவதால்தான் தாளம் நொண்டுகிறது.

இதை எழுத்தில் ஆணையிட முடியாது, ஆனால் காட்டிக்கொடுக்கலாம். ஒலிப்பதிவை ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கும் கருவியில், கைபேசியில் மெட்ரோனோமை மூன்றடிக்கு வைத்துக்கொண்டு, குரல் எப்படி இருந்தாலும் வெட்கப்படாமல், வரியை அந்த அடிகளில் பாடிப் பதிந்து ஏற்றிவிட வேண்டும். அதை அடிப்படையாக வைத்துப் புதிய பிரதியை உருவாக்கச் சொன்னால் தாளமும் எடுப்பும் பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன. என் கட்டைக் குரலிலிருந்து பிறந்த ஒரு பாட்டு, எழுத்தால் பிறந்த முப்பது பாட்டுகளைவிட நன்றாக இருந்தது.

தாளம் சரியாக இருந்தும் பாட்டு இயந்திரம் போல ஓடினால், கதைப் பகுதிக்கும் பல்லவிக்கும் வேறுபாடு இல்லை என்று பொருள். பழைய பாட்டுகள் பலவற்றில் கதைப் பகுதி பியானோவின் மேல் பேச்சின் வேகத்தில் நின்றும் நடந்தும் போகும், பெரும்பாலும் சோகமான மைனர் ஸ்கேலில். பல்லவி வந்ததும்தான் வால்ட்ஸ் தொடங்கும், பல நேரம் மேஜருக்கு மாறிக்கொண்டு. ஒரே மூச்சில் இந்த இரண்டையும் தரும்படி கேட்பதைவிடத் தனித்தனியாக உருவாக்கி, ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பியில் ஒட்டுவது சுலபம். சேரும் இடத்தில் பாடகி மூச்சு வாங்கும் இடைவெளி விட்டால் ஒட்டு தெரியாது.

அறிகுறி: அக்கார்டியன் இருக்கிறது, ஆனால் பாரிசு இல்லை

ஒலி மிகச் சுத்தமாகவோ, அர்ஜென்டினாவின் பண்டோனியோன் போலக் கனத்தோ இருந்தால், இல்லாமல் போயிருப்பது மியூசெட் சுருதி. பாரிசின் அக்கார்டியனில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரத்துக்கு மூன்று உலோக நாக்குகள் ஒலிக்கும். ஒன்று சரியான சுருதியில், ஒன்று சற்று ஏறி, ஒன்று சற்று இறங்கி. அந்த வேறுபாடுகள் மோதித்தான் நடுக்கம் பிறக்கிறது. சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு. 440 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 20 சென்ட் ஏறிய இன்னொரு நாக்கு சேர்ந்தால் அது ஏறத்தாழ 445 ஹெர்ட்ஸில் இருக்கும். வினாடிக்கு ஐந்து முறை ஒலி அலைபாயும்.

ஸ்டைல் பெட்டியில் 'மியூசெட் சுருதி' என்று எழுதிப் பார்க்கலாம். வராவிட்டால், பாட்டை வாத்திய வாரியாகப் பிரித்துத் தரும் வசதியைக் கொண்டு அக்கார்டியனைத் தனியே எடுத்து, அதற்கு இரண்டு நகல் செய்து, ஒன்றை 15 சென்ட் ஏற்றி, மற்றதை 15 சென்ட் இறக்கி, நகல்களை மூலத்தைவிடச் சற்றுக் குறைந்த ஒலியளவில் வைத்து மூன்றையும் ஒன்றாக ஓட்டினால் போதும். அக்கார்டியனும் பெண் குரலும் ஒரே நடுப்பகுதி அதிர்வெண்களில் வாழ்வதால், பிரித்த ஒலியில் பாடகியின் சாயல் ஒட்டிக்கொண்டு வரும். சுருதியைக் கலைத்ததும் அவள் பேய் போல மூன்று முறை பாடுவாள். அப்படி நேர்ந்தால் குரலில்லாத பிரதி ஒன்றைத் தனியே உருவாக்கி, அதிலிருந்து அக்கார்டியனை எடுக்க வேண்டும்.

அக்கார்டியன் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓயாமல் வாசித்தால், அதைப் பல்லவியிலும் வரிகளின் இடைவெளியிலும் மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் வெட்டிவிடலாம். பாடகி பேசும்போது வாத்தியம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: பழைய ஒலி போலியாகத் தெரிகிறது

"வினைல் கரகரப்பு" என்று கேட்பதே முதல் பிழை. 1930களின் 78 சுழற்சித் தட்டுகள் ஷெல்லாக்கால் ஆனவை. வினைல் நெடுந்தட்டு 1948இல்தான் வந்தது. இரண்டாவது, கருவி தரும் கரகரப்பு இன்றைய பளபளப்பான ஒலியின் மேல் தூவிய மிளகுத்தூளாகத்தான் இருக்கும், அடியில் இருக்கும் ஒலி புதிதாகவே இருக்கும். பழமையைக் கருவியிடம் கேட்காமல், வறண்ட சுத்தமான பதிவைக் கேட்டு வாங்கி, பழமையை நாமே பூசுவதே மேல்.

முதலில் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி மோனோ செய்ய வேண்டும், ஏனெனில் ஸ்டீரியோ தட்டுகள் 1950களின் இறுதியில்தான் கடைக்கு வந்தன. ஒன்றாக்கியதும் குரல் உள்வாங்கினால், அது அகன்ற ரிவெர்பின் வேலை. வறண்ட பிரதிக்குத் திரும்ப வேண்டும். பிறகு அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 1930களுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டித் தொடங்கலாம். மின்சாரப் பதிவு வருவதற்கு முந்தைய, அதாவது 1925க்கு முந்தைய கூம்புப் பதிவு வேண்டுமென்றால் 250க்கும் 2500க்கும் இடையே இன்னும் குறுக்கலாம். அங்கே டபுள் பேஸ் கேட்காமல் போவது சரியே. ஒலியைச் சற்றே கரடாக்கும் செறிவூட்டலை (சாச்சுரேஷன்) வெட்டுவதற்கு முன் சேர்க்க வேண்டும். பின் சேர்த்தால் புதிய உச்ச ஒலிகள் பிறந்து வேலை கெடும். கரகரப்பு கடைசியில், தனித் தடத்தில், பாட்டு நின்ற பிறகுதான் கவனத்துக்கு வரும் அளவில்.

சுருதி ஆட்டத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. துளை சற்று விலகிய தட்டு சுற்றுக்கு ஒருமுறை சுருதியை ஏற்றி இறக்கும். 78 சுழற்சி என்றால் வினாடிக்கு 1.3 முறை. இஷ்டத்துக்கு ஆடும் ஆட்டத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடும், 1.3 ஹெர்ட்ஸில், இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு ஆடுவதை அது நம்பிவிடும்.

அறிகுறி: பாட்டு முதல் நிமிடத்திலேயே உச்சிக்குப் போய்விடுகிறது, பிறகு முடியத் தெரியாமல் தேய்கிறது

கருவிகள் பழகியிருக்கும் பாப் பாட்டு அமைப்பில் பல்லவி சீக்கிரம் வந்து முழு வாத்தியத்தோடு அடிக்கும், நடுவே பாலம் எனப்படும் ஒரு இணைப்புப் பகுதி வரும், கடைசியில் பல்லவியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஒலி தேயும். ஷான்சோனில் கதை நகர்கிறது. பல்லவியின் சொற்கள் மாறுவதில்லை, ஒவ்வொரு முறையும் அவற்றின் பொருள்தான் மாறுகிறது. என் பாட்டில் முதல் பல்லவியில் விளக்கு யாரையோ எதிர்பார்த்து எரிகிறது, இரண்டாவதில் எதிர்பார்க்கப்பட்டவன் வேறொருத்தியோடு படித்துறையைக் கடக்கிறான், மூன்றாவதில் அதே விளக்கை அவள் ஊதி அணைக்கிறாள். கருவிக்கு இது தெரியாததால் மூன்றையும் ஒரே மாதிரி கத்திப் பாடும். ழாக் பிரெலின் பாட்டுகள் சில, கிசுகிசுப்பில் தொடங்கிக் கதவை உடைக்கும் வேகத்துக்குப் படிப்படியாக ஏறுவதைக் கேட்டவர்களுக்கு என்ன இல்லாமல் போயிற்று என்பது உடனே புரியும்.

முழுப் பாட்டையும் ஒரே தடவையில் கேட்பதை நிறுத்த வேண்டும். முதல் கதைப் பகுதியையும் பல்லவியையும் மட்டும் உருவாக்கி, பியானோவுக்கு மேல் எதுவும் சேராத பிரதியைத் தேர்ந்து, அங்கிருந்து நீட்டிக்கும் வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஸ்டைல் பெட்டியில் ஒரு வாத்தியத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம். வரிகள் பெட்டியில் பகுதிகளுக்குத் தலைப்பிடும்போது 'குப்ளே' (couplet, கதைப் பகுதி), 'ரெஃப்ரென்' (refrain, பல்லவி) என்ற பிரெஞ்சுப் பெயர்களை இட்டால், பாப் பாலங்கள் தலைகாட்டுவது குறைகிறது. மொத்த நீளம் மூன்று நிமிடத்தை ஒட்டி இருக்கட்டும். பத்தங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும், அக்காலப் பாட்டுகளின் கதைகளும் அந்த அளவுக்குத் தைக்கப்பட்டவை.

முடிவைக் கருவியிடம் விடவே கூடாது. "திடீரென நிற்கவும்" என்று எழுதினாலும் அது ஒரு வால் ஒட்டித்தான் தரும். ஒலித்தொகுப்பியில் கடைசிச் சொல்லின் கடைசி அசையைத் தேடிப் பிடித்து, அதற்குப் பிறகு வரும் அனைத்தையும் வெட்டிவிட்டு, முந்தைய பல்லவி ஒன்றிலிருந்து பியானோவின் ஒற்றைத் தாழ்ந்த சுரத்தை நகலெடுத்து அங்கே வைத்து, அது அறையில் அடங்கும் வரை அரை வினாடி காத்திருந்து, கரகரப்புத் தடத்தை மட்டும் இன்னும் இரண்டு சுற்று ஓடவிட வேண்டும். 78 கணக்கில் அது ஒன்றரை வினாடி. அந்த இடத்தில் கோப்பை முடித்துச் சேமித்துக்கொள்ளலாம்.